அவருடைய ஸ்டேஷன்

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தார், யாரையும் பார்க்கவில்லை. மூளையில் ரத்தம் அடைத்து வலது பக்கம் விழுந்துவிட்டது. “கூப்பிட்டா திரும்பணும், எதுக்காவது அசையணும். அதுக்குத்தான் காத்திருக்கோம்,” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அசையாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மகள் கடையிலிருந்து ரேடியோவைக் கொண்டுவந்து அவருடைய இடது கைப் பக்கம் வைத்தாள். எங்களுடையது சலவைக் கடை. அவர் தேய்ப்பார், நான் பொத்தான் தைப்பேன், நடுவில் இந்த ஒரே ரேடியோ. எங்களுக்குள் சண்டை என்று வந்ததெல்லாம் இதனால்தான். அவர் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஸ்டேஷனில் புல்லாங்குழலும் வயலினுமாக, அவசரமே இல்லாத பாட்டுகள் வரும். நான் வளர்ந்தது ரேடியோ முள் ஓடும் பட்டையின் அடுத்த முனையில் இருக்கும் கூத்துப்பாட்டு ஸ்டேஷனில். டமடமவென்று அடித்தால்தான் எனக்கு ஊசி ஓடும். காலையில் அவருக்கு, மதியத்துக்கு மேல் எனக்கு என்று ஒப்பந்தம். என் முறை வந்ததும், “ஆரம்பிச்சுட்டா, தகரத்தை உருட்ட!” என்று இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேல் ஓங்கி வைப்பார். அந்தக் கோபத்தில் கருகிய காலர்களுக்கு நான்தான் வாடிக்கைக்காரர்களிடம் பல்லைக் காட்டியிருக்கிறேன்.

மகள் அவருடைய ஸ்டேஷனை வைத்தாள். அவருக்கு உயிரான புல்லாங்குழல் வந்தது. முகத்தில் ஒன்றுமில்லை. உள்ளே மனிதர் இருந்தால் இதற்கு இமையாவது துடிக்காதா?

“என் ஸ்டேஷனை வைடி.”

“அப்பாவுக்குப் பிடிக்காதும்மா.”

“அதுக்குத்தான் வைக்கச் சொல்றேன். என்னைத் திட்டறதுக்காவது எழுந்திரிக்கட்டும்.”

தகரம் உருண்டது. பக்கத்துக் கட்டில்காரர் முறைத்தார். நான் என் வீட்டுக்காரர் காதருகில் குனிந்தேன். “ஏங்க, கேக்குதா? இனிமே நாள் பூரா இதான். முடிஞ்சா நிறுத்துங்க பாப்போம்!” வாய்தான் சவால் விட்டது, கண் அவர் இமையை விட்டு நகரவில்லை.

இடது கை அசைந்தது. விரிப்பின் மேல் மெல்ல ஊர்ந்து போய் ரேடியோவின் குமிழைப் பிடித்தது. “நிறுத்துங்க, நிறுத்துங்க,” என்று அழுதுகொண்டே சிரித்தேன்.

சத்தம் கூடியது.

கை தவறியிருக்கும் என்று நான் குறைத்தேன். மறுபடியும் கூட்டினார். அவசரமாக முள்ளை அவருடைய ஸ்டேஷனுக்குத் திருப்பினேன். புல்லாங்குழல் கேட்டதும் முகத்தைச் சுளித்து என் கையைத் தட்டிவிட்டார்.

“இது... வேணாம்.”

நர்ஸ் கத்திய கத்தலில் டாக்டர் ஓடிவந்தார். “பேசறாரே! ரொம்ப நல்ல அறிகுறிம்மா,” என்றார். மகள் என் ஸ்டேஷனையே மறுபடி வைத்தாள். அவர் தலை தாளத்துக்கு ஆடியது. பிறகு என் பக்கம் திரும்பி, “நல்லா இருக்கில்ல?” என்று குழறினார், பஸ்ஸில் முன்பின் தெரியாத பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்வது போல.

“அப்பா வந்துட்டாரும்மா!” என்று மகள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

எந்த அப்பா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் தோளுக்கு மேலாக, தகரம் என்று என்னைத் திட்டிய மனிதரை அந்த முகத்தில் தேடினேன்.