மின்விசிறி இருந்த அறை

1

டங். டங். டங். டங்.

மூன்றாவது பீரியட் பாதி தாண்டியிருக்கும். யாரும் எதிர்பாராத நேரத்தில் பள்ளிக்கூடத்து மணி அடித்தது.

சத்தத்தோடு ஆரம்பிப்பது என் பழைய வழக்கம். வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பிழைத்தவனுக்கு ஒரு மணியோ, டெலிபோனோ, கதவு தட்டுகிற ஓசையோ இல்லாமல் முதல் வரி நகராது. ஆனால் இந்த மணி என் சரக்கு இல்லை. எனக்கு ஒருவர் கொடுத்தது.

செகந்திராபாத்தில் ஹார்வுட் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று. (பெயர் நான் வைத்தது. ஆட்டோக்காரரிடம் கேட்காதீர்கள்.) அதன் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லிப் பழைய மாணவர் சங்கத்தார் கூப்பிட்டிருந்தார்கள். "நாலே பக்கம் சார். உங்க தொடர்கதை மாதிரி விறுவிறுன்னு இருக்கணும்" என்றார் செயலாளர். சமோசா வந்தது. பழைய குரூப் போட்டோக்கள் வந்தன. மூலையில் உட்கார்ந்திருந்த பெருமாள், அங்கே கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், "அன்னிக்குத் தப்பு நேரத்துல அடிச்சுதே ஒரு மணி, அதையும் எழுதுங்க" என்றார்.

செயலாளர் உடனே, "மழை வரும்போல இருக்கே" என்றார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்குக் கதை கிடைத்துவிட்டது.

2

'ஹார்வுட் பள்ளியின் வரலாறு என்பது அறிவும் தியாகமும் கைகோத்து நடந்த ஒரு நீண்ட —'

இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். எடுத்தால் செயலாளர் வருத்தப்படுவார். முடித்தால் நான் வருத்தப்படுவேன்.

நடந்தது இதுதான். மதராஸ் பட்டாளங்கள் இங்கே வந்து தங்கிய காலத்தில், சிப்பாய்களுடைய பிள்ளைகள், சமையல்காரர்களுடைய பிள்ளைகள், தையல்காரர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் பாரக்குகளுக்குப் பின்னால் கூச்சல் போட்டு விளையாடினார்கள். ஹார்வுட் துரைக்கு மதியத் தூக்கம் கெட்டது. ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும் ஏற்பாடு செய்தார். முதலில் தமிழ்ப் பிரிவு; பிறகு தெலுங்கு, உருது, இங்கிலீஷ். இரண்டு உலகப் போர்களில் பழைய மாணவர்கள் செத்தார்கள். நிஜாம் ஆட்சி முடிந்த வருஷம் சில வாரம் பூட்டிக் கிடந்தது. மற்றபடி, பையன்கள் வந்தார்கள், மீசை முளைத்துப் போனார்கள்.

ஒரு வழக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும். அந்தந்தப் பிரிவில் வருகைப் பதிவு அந்தந்த மொழியில்தான் நடக்கும். காலையில் நீள வராந்தாவில் நடந்தால் ஒரு கதவிலிருந்து 'உள்ளேன் ஐயா', அடுத்ததிலிருந்து 'உன்னானண்டி', அதற்கடுத்ததிலிருந்து 'ஹாஜர் ஜனாப்'. மணி கேட்டுத் தூக்கக் கலக்கத்தில் கதவு மாறி நுழைந்த பையன், வாயைத் திறந்ததும் பிடிபடுவான்.*

* மணி என்று நான் சொல்வது ரயில்வேக்காரர்கள் கொடுத்த தண்டவாளத் துண்டு. போலாரம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். கேட்காது.

3

இனி கதை. வருஷம் 2003.

தமிழ் மாஸ்டர் திருநாவுக்கரசு, மன்னார்குடிப் பக்கத்துக்காரர், மணி கேட்டதும் சாக்பீஸை வைத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போனார். எல்லாரும் வந்ததும் ஹெட்மாஸ்டர் ஒரு முடிவைச் சொன்னார். வருகிற ஜூனில் எட்டாம் வகுப்பில் எந்த மொழிப்பாடத்துக்குப் பத்துப் பையன்கள் சேரவில்லையோ, அந்த மொழி இந்தப் பள்ளியில் முடிந்தது. நிர்வாகத்தின் தீர்மானம். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. யாரைப் பார்க்காமல் இருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

தெலுங்குக்கு இடம் போதவில்லை. சமஸ்கிருதத்துக்கு இரண்டு பிரிவு. ஊரில் தமிழர்கள் குறைந்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்ப எழும்ப, சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ரயில் ரயிலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இட்லி மாவு பாக்கெட்டில் கிடைக்கத் தொடங்கியிருந்தது. தமிழ் வகுப்பில்தான் பெஞ்சுகள் காலி.

திருநாவுக்கரசு வகுப்புக்குத் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் இன்ஸ்ட்ரக்டர் சாய்கிருஷ்ணா அவருடைய அறையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். அவரிடமே தமிழ் படித்தவன்.

"சாரி சார். ஹெச்.எம். இப்பவே அளந்து வைக்கச் சொன்னாங்க. சும்மா, ஒரு ஐடியாவுக்கு."

"அளந்துக்க."

"இந்த ஃபேனை எடுத்துடுவோம் சார். லேபுக்கு ஏசி வருது."

திருநாவுக்கரசு மேலே பார்த்தார்.

இங்கே நான் அவரைக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். பாவப்பட்ட மனிதராகவே எழுதிக்கொண்டு போனால் மூன்றாம் வாரத்தில் வாசகர் பக்கம் புரட்டிவிடுவார். பெருமாளுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னது இது:

அந்த அறை முதலில் உருதுப் பிரிவினுடையது. திருநாவுக்கரசு வேலைக்கு வந்த கொஞ்ச வருஷத்தில் பையன்கள் இல்லாமல் உருது மூடப்பட்டது. அன்றைக்கு யாரும் மணி அடிக்கவில்லை, யாரும் பேசவில்லை. வராந்தாவில் 'ஹாஜர் ஜனாப்' நின்றுபோனதே சில பேருக்கு உறைக்கவில்லை. திருநாவுக்கரசு மட்டும் அந்த வாரமே ஹெட்மாஸ்டரிடம் போய், அந்த அறையைத் தமிழுக்குத் தரும்படி கேட்டார். அதில் மின்விசிறி இருந்தது.

உருது கற்பித்த முன்ஷி ஹபீபுல்லா நாற்காலியிலிருந்து தன் மெத்தையை மட்டும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற திருநாவுக்கரசிடம், "பங்கா அச்சா ஹை, மாஸ்டர் சாப். கொஞ்சம் ஆவாஸ் போடும், அவ்வளவுதான்" என்று பாதித் தமிழில் சொல்லிவிட்டுப் போனாராம்.

இத்தனை வருஷமும் அது சத்தம் போட்டது. திருநாவுக்கரசுக்குப் பழகிவிட்டது.

4

கோடை விடுமுறை முழுக்க ஸ்கூட்டரில் அலைந்தார். பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்த தமிழ்ப் பையன்களின் வீடுகள். அடுக்குமாடிகள், லிஃப்ட், யாரென்று கேட்கும் வாட்ச்மேன், "கோன் ஹை?"

முகமது யூசுப் காயல்பட்டினத்துக்காரர், சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். முழுக்க ஒத்திகை பார்த்துவைத்திருந்த பேச்சைத் திருநாவுக்கரசு ஆரம்பிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"என் பையன் எங்க வாப்பாகிட்ட போன்ல பேசினா பாதி ஹிந்தி வருது சார். வாப்பா போனை உம்மாகிட்ட குடுத்துடறாரு. அவன் தமிழ்தான், எழுதிக்கோங்க. இதுக்கா வெயில்ல வந்தீங்க? ஒரு போன் போட்டா போதாதா?"

எல்லா வீடும் அப்படி இல்லை. எஞ்சினியர் சங்கர் பாதாம் பால் கொடுத்து, "தமிழ் மேல பாசம் இருக்கு சார். மார்க் மேல பயம் இருக்கு. ரெண்டுல எது ஜெயிக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அவர் மனைவி ஆக்னஸ் நேராகவே கேட்டாள். "சமஸ்கிருதத்துல தொண்ணூத்தெட்டு வருது. நீங்க யாருக்காவது தொண்ணூறு போட்டிருக்கீங்களா சார்?"

போட்டதில்லை. எழுபதுக்கு மேல் அவர் பேனா ஏறாது. ஓர் ஒற்றுப் பிழைக்கு அரை மார்க் குறைப்பவர் என்று பையன்கள் நடித்தே காட்டுவார்கள்.

"இனிமே போடறேம்மா" என்றார்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது வாய் கசந்தது. பாதாம் பாலில் சர்க்கரை நிறைய இருந்தும்.

(சங்கர் வீட்டுப் பையன் சேர்ந்தான். அந்த ஒரு வாக்கியத்துக்கு.)

ஜூன் பிறக்கும்போது ஒன்பது பேர் ஆகியிருந்தார்கள்.

5

இன்னும் ஒருவன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் பிரதியில் திருநாவுக்கரசுக்கு ஒரு மகள்தான் இருந்தாள். ஆண்கள் பள்ளியில் பெண்ணைச் சேர்க்க முடியாது இல்லையா? அவரைக் காப்பாற்ற அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தோன்றவில்லை. பெருமாளிடம் வாசித்துக் காட்டினேன்.

"அவருக்குப் பையன் சார். எழிலன். நம்ம ஸ்கூல்தான், அதே செட்டு."

"அப்போ யாரும் அவரைக் கேக்கலையா?"

"ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரும் கேக்கலை. பையனே இல்லாத மாதிரி நடந்துக்கிட்டோம். இப்ப நீங்க பண்ணீங்களே, அதே மாதிரி."

மகளை அடித்துவிட்டு மகனை எழுதினேன்.

"ஒம்பது ஆயிடுச்சு" என்றார் திருநாவுக்கரசு, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

மனைவி மங்கையர்க்கரசி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "பத்தாவதை இந்த வீட்ல தேடாதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"செருப்பைக் கழட்டற விதத்துலயே சொல்லிட்டீங்க. கோச்சிங் போறவனுக்குச் சமஸ்கிருதம்தான் சௌகரியம், அதையே எடுக்கட்டும்னு சொன்னது யாரு? நானா?"

அவர்தான். மணி அடிப்பதற்கு முன்னால், ஒருவரும் கேட்காமலே, அவரே சொன்னது.

"அப்போ நிலைமை வேற."

"நிலைமை உங்களுக்குத்தான் மாறிச்சு. அவனுக்கு அதே பரீட்சைதானே?"

எழிலன் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய தமிழ் செகந்திராபாத்தில் வளர்ந்தது. "அப்பா, தமிழ் நக்கோ, ப்ளீஸ்."

"கைக்குடா?" என்று காரணம் கேட்டார், அவன் பாஷையிலேயே.

"நீங்கதானே கிளாஸ் எடுப்பீங்க. தினம் எழுந்து நின்னு உங்ககிட்ட 'உள்ளேன் ஐயா' சொல்லணுமா? வீட்லதானே இருக்கேன்."

மங்கையர்க்கரசி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

"சரி, நீ சமஸ்கிருதமே எடு" என்றார்.

அப்படிச் சொன்னதும் மனசு லேசானது. ஏன் லேசானது என்று யோசித்தபோதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: பள்ளி திறக்கிற நாள். ஒன்பது பேர் முன்னால் அவர் பெயர் கூப்பிடுகிறார். வாசலிலிருந்து பத்தாவது குரல், 'உள்ளேன் ஐயா'. பத்திரிகையில் வந்தால் கடிதங்கள் குவியும். ஆனால் எழிலன் வாசல் வரைதான் வந்தான். எத்தனை தடவை எழுதினாலும் வாயைத் திறக்கவில்லை. அவன் திறந்திருந்தால் என் பேனாவுக்குப் பிறந்தவன் என்று ஆகியிருக்கும்.

இரண்டாவது: அப்பா கட்டாயப்படுத்துகிறார். பையன் சேர்கிறான். வருஷங்கள் கழித்து அமெரிக்காவிலிருந்து போன் செய்து, 'அன்னைக்கு மட்டும் நீங்க —'

வேண்டாம். இது நன்றி சொல்கிற போனா, சண்டைக்கு வருகிற போனா என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது: நிர்வாகம் மனம் மாறுகிறது. இதை எழுதும்போது நானே சிரித்துவிட்டேன்.

போன மாதம் பள்ளியைப் போய்ப் பார்த்தேன். அந்த அறை இப்போது கம்ப்யூட்டர் லேப். ஏசி சத்தமே இல்லாமல் ஓடுகிறது. மேலே மின்விசிறி மாட்டியிருந்த கொக்கி மட்டும் இருக்கிறது. வருகைப் பதிவு எந்த மொழியிலும் நடப்பதில்லை. பையன்கள் கழுத்தில் தொங்கும் அட்டையை ஒரு பெட்டியில் காட்டுகிறார்கள், அது பீப் என்கிறது.

தமிழ் எந்த வருஷம் நின்றது? ஒருவர் அந்த ஜூனிலேயே என்றார். இன்னொருவர் இரண்டு மூன்று வருஷம் தள்ளித்தான் என்று சண்டைக்கு வந்தார். செயலாளர், "காலப்போக்கில் நின்றதுன்னு போட்டுக்குங்க சார், யாருக்கும் பிரச்சினை இல்லை" என்றார்.

மலருக்கு அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டேன். காலம் ஒரு நாளும் ஹெட்மாஸ்டரிடம் போய், மின்விசிறி இருந்த அறையைக் கேட்டதில்லை என்பதை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

7

எழிலனுடன் பேசிய பிறகு, பள்ளி திறப்பதற்கு முன்னால் வந்த ஒரு மாலைதான் பாக்கி. அதில் திருநாவுக்கரசு சொன்ன பதிலோடு எழுந்துகொள்வேன். அது பொய்யா, அந்த நொடியில் எடுத்த முடிவா என்று என்னைக் கேட்காதீர்கள். ஸ்கூட்டரில் வீடு திரும்புகிற வரைக்கும் அவருக்கே தெரிந்திருக்காது. வீட்டில் என்ன நடந்தது என்பது உங்கள் பொறுப்பு.

மேற்கு மாரேட்பள்ளி, இரண்டாவது மாடி. சுபாஸ்ரீ, கோயம்புத்தூர்ப் பெண், ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அடையாள அட்டை கழுத்திலேயே இருந்தது. அவள் மகன் ஒருவன்தான் மிச்சமிருந்த தமிழ்ப் பையன். காபி கொடுத்தாள். அவர் பேசியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கும் ஆசைதானுங்க சார். ஊருக்குப் போனா பஸ் போர்டு படிக்கத் தெரியாம முழிக்கறான். என் தம்பி கிண்டல் பண்றான்."

"அப்ப சேர்த்துடுங்கம்மா. மார்க்கை நான் பார்த்துக்கறேன்."

"மார்க்குக்குச் சொல்லலைங்க." டம்ளரை வாங்கி வைத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். உங்க பையனும் இதே செட்டுதானுங்களே? அவனுக்கு எதுங்க சார் எடுத்திருக்கீங்க?"

மேலே புது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது சத்தமே போடவில்லை.

"தமிழ்தாம்மா" என்றார் திருநாவுக்கரசு. "வேற என்ன எடுப்பான்?"