டீசல் போடுவது யார் முறை

டீசல் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அது கோட்டையும் தாண்டிக் கீழே போய்ப் படுத்திருந்தது. பக்கத்தில் குட்டியாக ஒரு பம்பு படம் ஆரஞ்சு நிறத்தில் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. சின்னவள் அதைப் பார்க்காதது போலக் காரை ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவள் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருப்பு. அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி போட்டு வாங்கிய டீசல் கார் அது. வாங்கியவர்கள் இருவரும் வேலை வேலையென்று வெளியூரிலேயே கிடப்பவர்கள் என்பதால் கார் இருந்தது பெண்கள் கையில். ஒருநாள் பெரியவளுக்கு, ஒருநாள் சின்னவளுக்கு. பெரியவள் நூலக உதவியாளர். கிளை நூலகங்களுக்குப் புத்தகக் கட்டுகளை ஏற்றிப் போவாள். சின்னவள் வீட்டில் கேக் செய்து கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். ஓட்டியவர் அன்று சாயங்காலமே டீசல் போட்டுவிட்டுத்தான் சாவியை ஆணியில் மாட்ட வேண்டும் என்பது பேச்சு. பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் சின்னவளின் அம்மா வந்து தங்கியிருந்தபோது, அம்மாவின் தம்பி தவறிவிட்டதாகச் செய்தி வந்தது. அம்மாவை ரயிலேற்றச் சின்னவள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினால், காரில் டீசல் இல்லை. முதல் நாள் ஓட்டியவள் பெரியவள். பங்க்கில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விட்டது. அம்மாவுக்குத் தம்பி முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பெரியவள் "அடடா, நான் கவனிக்கலையே" என்றாள். அவ்வளவுதான். கால் மிதிபட்டால் சொல்வோமே, அந்த அளவுக்கு ஒரு அடடா.

அன்றிலிருந்து சின்னவளும் கவனிக்காமல் இருக்க ஆரம்பித்தாள். பெரியவளுக்கா புரியாது? அவளும் தன் நாளில் போடவில்லை. யார் பொறுக்க முடியாமல் பங்க்குக்குப் போகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். தோற்றவர்களும் வண்டி நகரும் அளவுக்கு மட்டும் கொஞ்சமாகப் போட்டு, மிச்சம் வைக்காமல் ஓட்டித் தீர்த்தார்கள். நேரடிப் பேச்சு நின்றுபோனது. எல்லாம் ஜாடைதான். மாடிப்படியைப் பார்த்து ஒருத்தி சொல்வாள், தண்ணீர்க் குழாயைப் பார்த்து மற்றவள் பதில் சொல்வாள். அந்த வீட்டுக் குழாய்க்குக் காது இருந்திருந்தால் எப்போதோ கழன்று ஓடியிருக்கும்.

நேற்றுச் சின்னவள் முறை. கடைகளுக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்கு வரவில்லை. வேண்டுமென்றே புறவழிச் சாலையைச் சுற்றி வந்தாள். பெரியவள் காலையில் திண்டாடட்டும் என்று முள்ளைப் படுக்கவைத்துவிட்டுத்தான் சாவியை மாட்டினாள். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்பார்களே, அந்த ரகம்.

விடியற்காலையில் சின்னவளுக்குக் கணவனின் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, இன்னிக்கு உங்க அக்காவுக்குப் பரீட்சை. நான் வந்து கூட்டிட்டுப் போறதா இருந்தேன், வேலையில மாட்டிக்கிட்டேன். பரீட்சைன்னா அவளுக்குக் கை நடுங்கும், ஓட்ட முடியாது. நீ கொஞ்சம்..."

"ஆகட்டும் அத்தான்" என்று வாய் சொல்லிவிட்டது. முள் ஞாபகத்துக்கு வந்தது போனை வைத்த பிறகுதான்.

அது சாதாரணப் பரீட்சை இல்லை. உதவியாளராகவே காலம் தள்ளிய பெரியவள் நூலகர் ஆவதற்கான பரீட்சை. இரண்டு தடவை எழுதித் தவறியிருந்தாள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்; இதுதான் கடைசி. ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். மூடினால் மூடியதுதான்.

போகிற வழியில் முதல் பங்க்கில் சத்தமில்லாமல் போட்டுவிடலாம் என்று சின்னவள் கணக்குப் போட்டிருந்தாள். அந்த பங்க்கில் 'டீசல் இல்லை' என்று அட்டை தொங்கியது. அடுத்த பங்க் மேம்பாலத்துக்கு அப்பால். கெடுவான் கேடு நினைப்பான் என்பது தனக்காகவே சொல்லி வைத்ததோ என்று அவளுக்குத் தோன்றியது.

பெரியவள் மடியிலிருந்த பையைப் பார்த்துச் சொன்னாள்: "சில பேருக்கு வண்டி ஓடினா சரி. எண்ணெய்ல ஓடுதா காத்துல ஓடுதான்னு கவலை இல்ல."

சின்னவள் ஸ்டியரிங்கிடம் சொன்னாள்: "எல்லாம் சில பேருகிட்ட கத்துக்கிட்டதுதான்."

சொன்ன வாய் மூடவில்லை, மேம்பாலத்து ஏற்றத்தில் கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. பிறகு இருமியது. மிதித்து மிதித்துப் பார்த்தாள். உச்சிக்கு ஏறி, இறக்கத்தில் உருண்டு, ஓரமாகப் போய் நின்றுவிட்டது. வாடகைக் கார் வர அரை மணி ஆகும் என்றது போன். பரீட்சை நாளில் ஆட்டோக்கள் எல்லாம் ஆளோடு பறந்தன. அடுத்த பங்க் கண்ணுக்குத் தெரிந்தது.

சின்னவள் ஓடினாள். காரில் போகும்போது பக்கத்தில் இருக்கும் பங்க், கால் நடையாகப் போனால் எத்தனை தூரம் தள்ளிப் போய்விடுகிறது!

"வண்டி எங்கம்மா?" என்றார் பங்க்காரர்.

"நின்னுடுச்சுங்க. பாலத்துக்குக் கீழ. ஏதாவது கேன் குடுங்க, சீக்கிரம்."

அவர் மூடியுள்ள தகரக் கேனைத் தேடி எடுத்து வந்தார். "டீசல் காருதானே? நிச்சயமா? பெட்ரோலை ஊத்திட்டு அப்புறம் என்னை வந்து கேக்கக் கூடாது."

வருஷக்கணக்காக டீசல் போட்டவள்தான். ஆனாலும் அந்தக் கேள்வியில் ஒரு கணம் ஆடிப்போனாள். "டீசல். டீசல்தான். டாங்க் மூடியிலேயே எழுதியிருக்கு."

ஒழிந்திருந்தது லாரிகளுக்குப் போடுகிற பம்பு மட்டும்தான். அது டீசலைக் குடம் கவிழ்த்தது போலக் கொட்டியது. கேன் பாதி நிறைவதற்குள் நுரை பொங்கிக் கழுத்து வரை வந்துவிட்டது. பங்க்காரர் கையை எடுத்தார்.

"போடுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"

"நுரை அடங்கட்டும்மா. நுரையக் கொண்டுபோய் என்ன பண்ணுவீங்க?"

டீசலின் குணம் அது. எவ்வளவு அவசரமானாலும் பொங்கும், பொங்கினால் தானாக அடங்கும்வரை நிற்க வேண்டும். இத்தனை நாள் வண்டிக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு அது தெரிந்ததில்லை. நின்று பார்க்கப் பொறுக்காமல், குனிந்து நுரையை வாயால் ஊதினாள். ஊதியதில் எதுவும் ஆகவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். பெரியவள் நூலகர் ஆகாமல் போனால் அதற்குக் காரணம் தான் ஒருத்திதான் என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை.

கேனோடு திரும்பி வந்தபோது பெரியவள் பானெட்டைத் தூக்கி நிறுத்தியிருந்தாள். குறிப்பேட்டின் அட்டையைக் கிழித்துப் புனலாகச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். அதை நீட்டினாள். சின்னவள் வாங்கி டாங்கில் ஊற்றினாள். பாதி உள்ளே போனது, கொஞ்சம் கையிலும் புடவையிலும் போனது. பெரியவள் கேனைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"தொடாதீங்க!" சின்னவள் கத்திவிட்டாள். "கையில பட்டா போகாது. விடைத்தாள்ல கறை பட்டா மிஷின் தள்ளிடும்."

பெரியவள் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

சாவியைத் திருப்பினால் கர் கர் என்றது, பிடிக்கவில்லை. மறுபடியும் கர் கர். சின்னவளுக்கு அழுகை முட்டியது.

"ஊத்தினா மட்டும் போதாது" என்றாள் பெரியவள், பானெட்டைப் பார்த்து. "கார் வந்த அன்னிக்கே மெக்கானிக் காட்டினாரு. டீசல் தீர்ந்து நின்னா குழாய்க்குள்ள காத்துப் புகுந்துடும். கறுப்பா ரப்பர் உருண்டை ஒண்ணு இருக்கும், அதை இறுகுற வரைக்கும் அமுக்கணும். அமுக்க அமுக்கச் சாவியத் திருப்பணும்."

சின்னவளுக்கும் ஞாபகம் வந்தது. ஒருவர் இன்ஜினுக்குள் கைவிட்டு அமுக்க வேண்டும், இன்னொருவர் சாவியிடம் இருக்க வேண்டும். நடுவே தூக்கி நிறுத்திய பானெட். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. பெரியவள் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். சின்னவள் உருண்டையைத் தேடிப் பிடித்து அமுக்கினாள். பழக்க தோஷம், "சில பேரு இப்பச் சாவியத் திருப்பினா நல்லா இருக்கும்" என்று இன்ஜினைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு லாரி கடந்து போனது. பெரியவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜாடைக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை.

"அக்கா!" என்று கத்தினாள். "திருப்புங்க!"

கர் கர் கர்.

"நிறுத்துங்க! இன்னும் இறுகல!"

"வேகமா அமுக்கு!"

"அமுக்குறேன்க்கா!"

"நான் வந்து அமுக்கவா?"

"வேணாம், நீங்க கையைக் கெடுத்துக்காதீங்க!" விரல்கள் விண்ணென்று தெறித்தன. உருண்டை மெத்து மெத்தென்றே இருந்தது. நேரமோ நிற்கவில்லை. அவளையும் மீறி வாய் திறந்துகொண்டது. "அக்கா, நான் வேணும்னேதான் நேத்து டீசல் போடல. சுத்திச் சுத்தி ஓட்டித் தீர்த்தேன். இன்னிக்குப் பரீட்சைன்னு சத்தியமாத் தெரியாது."



"தெரியும்" என்றது பெரியவளின் குரல். "முள்ளை நேத்து ராத்திரியே வந்து பாத்துட்டேன். கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். போட்டா தோத்துடுவேன்னு போய்ப் படுத்துட்டேன். உங்கம்மா விஷயத்துலயும்... அதெல்லாம் அப்புறம். நீ அமுக்கு."

சின்னவள் அமுக்கினாள். கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது, துடைக்கக் கை இல்லை. திடீரென்று உருண்டை கைக்குள் கல்லாக இறுகியது.

"இப்ப! திருப்புங்கக்கா!"

இன்ஜின் இரண்டு முறை தடுமாறி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. சின்னவள் பானெட்டை அறைந்து மூடிவிட்டு ஓடிவந்து ஏறினாள். பெரியவள் இருக்கை மாறிக்கொண்டாள். பேசினால் வண்டி நின்றுவிடுமோ என்று இருவருக்குமே பயம்.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்தின் முன் காரை நிறுத்தும்போது காவலாளி கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். பெரியவள் புடவையில் கால் தடுக்கத் தடுக்க இறங்கினாள். அவள் போய்ச் சேர மாட்டாள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சின்னவள் இன்ஜினை அணைக்காமல், கதவைக்கூடச் சாத்தாமல், அவளை முந்திக்கொண்டு ஓடிப் போய்க் கேட்டுக்கு இடையில் கையைக் கொடுத்தாள்.

"கைய எடும்மா! நசுங்கிடும்!"

"நசுங்கட்டும். ஒரு நிமிஷம். எங்க அக்கா வந்துட்டாங்க, பாருங்க, அதோ."

"மணி ஆயிடுச்சு. நீ யாரு, உன் சீட்டு எங்க?"

"எனக்கில்ல, எங்க அக்காவுக்கு. தப்பு என்னோடது, அவங்களுது இல்ல. நீங்க என்னைத் திட்டிக்கிட்டே இருங்க, அவங்க உள்ள போகட்டும்."

காவலாளி அவளைத் திட்டினார். நிறையவே திட்டினார். அதற்குள் பெரியவள் மூச்சிரைக்க வந்து, அவள் கைக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள். கேட் மூடியது.

சின்னவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே நடந்துகொண்டிருந்த பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

"இங்கயே இரு" என்றாள். "என்னை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடாதே."

"இருக்கேன்க்கா."

சாலையில் அடைத்துக்கொண்டு நின்ற காருக்குப் பின்னால் ஹாரன்கள் அலறின. சின்னவள் அதை மரத்தடிக்கு நகர்த்தி இன்ஜினை அணைத்தாள். ஊற்றியது கொஞ்சம்தான், திரும்பப் பிடிக்குமா என்பதும் சந்தேகம்தான். தெருமுனையிலேயே ஒரு பங்க் இருந்தது. வரிசைகூட இல்லை. பரீட்சை முடிவதற்குள் பத்து தடவை போய்விட்டு வரலாம்.

அவள் போகவில்லை. வெளியே வரும்போது இந்த இடம் காலியாக இருந்தால், ஒரு நொடியே ஆனாலும், பெரியவள் என்ன நினைப்பாள் என்று அவளுக்குத் தெரியும். டீசல் நாற்றமடிக்கும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.