ஏழாவது ஆள்

நஸ்மியா வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். தம்புள்ளையில் இருக்கும் சாச்சி மகளைப் பார்க்கப் போகிறேன், அஸர் தொழுகைக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று மகள் றிஸ்னாவிடம் சொன்னாள். ஐம்பத்தேழு வயதில் பொய் சொல்லிவிட்டு ஒட்டகச்சிவிங்கி பார்க்கக் கிளம்புகிற பெண்கள் மாத்தளையில் அதிகம் இருக்க மாட்டார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் மகள் பேரப்பிள்ளைகளையும் கூட அனுப்பியிருப்பாள். அவளுக்குத் தனியாகப் போக வேண்டும். சரியாகச் சொன்னால், ஸக்கரியாவோடு போக வேண்டும். அந்த மனுஷன் மையவாடி மண்ணுக்குள் போய் நாலு மாதமும் பதினைந்து நாளும் ஆகிறது, அதுதான் சிக்கல்.

தோஹாவில் வேலை செய்யும் மகன் இன்ஷாப், வாப்பாவுக்கு என்று போன வருடம் வாங்கி அனுப்பிய டிக்கெட் அது. நாவுலைக்கு அப்பால், காட்டை ஒட்டிய இடத்தில் புதிதாகத் திறந்த மிருகப் பூங்கா. அங்கே மிருகங்கள் வெளியில் திரியும், மனுஷர்கள் ஜீப்புக்குள் அடைந்து கிடந்து பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கு டிக்கெட், ஒரு வருடத் தவணை. ஸக்கரியா இரும்புக்கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்காரும்போதெல்லாம், "போவோமா?" என்று கேட்பார். சிறு வயதிலிருந்து அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். அவ்வளவு நீளக் கழுத்தை வைத்துக்கொண்டு ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் எப்படிக் குடிக்கும்? முழங்காலை மடிக்குமா, கழுத்தை மடிக்குமா? போனில் பாருங்களேன் என்றால், போனில் பார்த்தது பார்த்ததாகுமா என்பார். நஸ்மியாதான் வெயில் குறையட்டும், மழை விடட்டும், நோன்பு போகட்டும் என்று இழுத்தடித்தாள். ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது அவர் எழும்பவில்லை.

அதற்குப் பிறகு இத்தா. நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அந்தக் காலத்தைப் பற்றி அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. சனங்கள் வந்தார்கள், அழுதார்கள், பிளேன்டீ குடித்தார்கள், போனார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லாருமே செய்தி தெரிந்துதான் வந்தார்கள். அன்று போனில் ஊருக்கெல்லாம் சொன்னது றிஸ்னா. பள்ளிவாசல் ஸ்பீக்கரில் அறிவித்தது மோதினார். அரசாங்கக் கச்சேரியில் மரணப் பத்திர வேலைகளைப் பார்த்தது மருமகன். தன் வாயைத் திறந்து, "அவர் மௌத்தாகிட்டார்" என்று ஒரு ஆளுக்காவது சொல்ல வேண்டிய வேலை நஸ்மியாவுக்கு இந்த நாள் வரைக்கும் வரவில்லை. அது ஒரு வேலை என்றே அவளுக்குத் தெரியாது.

பூங்கா வாசலில் டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண் போனை வாங்கி அதிலிருந்த டிக்கெட்டை ஸ்கேன் செய்து பார்த்தாள். "ஸக்கரியா. ரெண்டு பேர். ரெண்டு பேரும் வந்திருக்கீங்களா?"

"ஓ, வந்திருக்கோம்" என்றாள் நஸ்மியா.

முப்பத்து நாலு வருடம் சொல்லிப் பழகிய வாய், யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டது. அந்தப் பெண் மஞ்சள் துண்டில் எழுதத் தொடங்கியபோதுதான் நஸ்மியாவுக்கே அது உறைத்தது. திருத்தியிருக்கலாம். திருத்த வேண்டுமென்றால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்கள். அவள் துண்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். ஒரு சீட்டு சும்மா கிடந்தால் யாருக்கு என்ன நட்டம்?

ஜீப்பில் ட்ரைவர் சீட்டை விட்டு ஏழு சீட்டு. விஜேந்திரன் என்பவனே ட்ரைவர், அவனே கைட். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும், காக்கிச் சட்டையை இஸ்திரி கலையாமல் போட்டிருந்தான். கண்டியிலிருந்து வந்த ஒரு குடும்பமும் அதே வண்டிதான்: தர்சன் என்ற அப்பா முன்சீட்டில், அவர் மனைவி துஷாந்தினியும் மூன்று பிள்ளைகளும் நடுவில். கடைசி வரிசையில் நஸ்மியா ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தாள். பக்கத்துச் சீட்டில் கைப்பையை வைத்தாள்.

மழை தூறத் தொடங்கியிருந்தது. விஜேந்திரன் பக்கத்துப் பிளாஸ்டிக் சீலைகளை அவசரமாக இறக்கிக் கட்டினான். அவனிடம் கொடுத்திருந்த வண்டித் துண்டில் ஏழு பேர் என்று இருந்தது, வண்டியிலும் ஏழு சீட்டு. "எல்லாரும் ஏறியாச்சா?" என்றான். பிள்ளைகள் மூன்றும் காது கிழிய, "யெஸ்!" என்றன. தலையை எண்ணிப் பார்ப்பதுதான் சட்டம். அவன் எண்ணவில்லை, அதுதான் அவன் செய்த தப்பு.

பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். செம்மண் பள்ளமும் பாறையும் ஓடைத் தண்ணீரும் மாறி மாறி வந்தன. வண்டி ஒரு பக்கம் சாயும்போது குடும்பம் மொத்தமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சிரித்தது. நஸ்மியா சாய்ந்த பக்கத்தில் கைப்பைதான் இருந்தது. அது இரண்டு தடவை கீழே விழுந்தது. பூங்காவுக்குத் தனியாக வந்தது முட்டாள்தனம் என்று அவளுக்குப் பட்டது. வீட்டில் தனிமை இருந்தாலும் அதற்குப் பழகிய சுவர்கள் இருந்தன. இங்கே வெட்டவெளியில் அது நெஞ்சை வந்து அடைத்தது.

மான், வரிக்குதிரை எல்லாம் கடந்து குளத்தோரம் வந்ததும் விஜேந்திரன் இன்ஜினை நிறுத்தினான். "சத்தம் போடாதீங்க. இது லேசுல காணக் கிடைக்காது."

ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்க வந்திருந்தது. முழங்காலையும் மடிக்கவில்லை, கழுத்தையும் மடிக்கவில்லை. முன்கால் இரண்டையும் மெல்ல மெல்ல அகட்டி, இன்னும் அகட்டி, வழுக்கி விழப்போகிற ஆள் மாதிரி நின்று, கழுத்தை அப்படியே கீழே இறக்கியது.

"இஞ்ச பாருங்க, கால விரிக்கிது! மடிக்கல்ல, விரிக்கிது!" என்று நஸ்மியா பக்கத்தில் திரும்பிச் சொன்னாள்.

கைப்பையைத்தான் பார்த்தாள். நடுவரிசையிலிருந்து ஹம்சிகா என்ற மூத்த பிள்ளை, ஏழு வயதுக்காரி, திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குளத்தைப் பார்த்தாள். அறுபத்திரண்டு வயது வரைக்கும் ஒரே ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு அதைத் தீர்த்து வைக்காமல் அனுப்பிவிட்டேனே என்று நஸ்மியா சத்தம் வராமல் அழுதாள். ஒரு போயா லீவு நாள் போதுமாக இருந்தது. வெயிலாம், மழையாம்.

அடுத்தது சிங்கங்கள் இருக்கும் பகுதி. உள்ளே போகும் கேட்டில் இருந்தவர் மழைக்குப் பயந்து குடைக்குள் நின்றபடியே துண்டை வாங்கி, ஏழு என்று பதிந்துவிட்டுத் திறந்துவிட்டார். சிங்கங்கள் இரண்டும் ஒரு பாறைக்குக் கீழே தூங்கின. வாலைக்கூட ஆட்டவில்லை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம்.

வெளியே வரும் பக்கத்தில் இரண்டு கேட்டுகள். வண்டி முதல் கேட்டைத் தாண்டியதும் பின்னால் அதை மூடிவிடுவார்கள். தலையை எண்ணி, கணக்குச் சரியென்றால்தான் முன்கேட்டு திறக்கும். அங்கே இருந்த வயதான சிங்களக் காவலாளி மழையைப் பார்க்கிற ஆள் இல்லை. சீலையைத் தூக்கி ஒவ்வொரு சீட்டிலும் கையை வைத்து எண்ணினார். துண்டைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். நஸ்மியாவின் பக்கத்துச் சீட்டில் கையை வைத்துக்கொண்டு, ஏழாவது ஆள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

விஜேந்திரனின் முகம் வெளுத்துப் போனது. "அம்மா, ஒங்ககூட வந்தவரு எங்க?"

நஸ்மியா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆன்ட்டி அவர்கூட பேசிக்கிட்டே வந்தாங்க" என்றாள் ஹம்சிகா. "ஒட்டகச்சிவிங்கியப் பாருங்கன்னு சொன்னாங்க."

அவ்வளவுதான். துஷாந்தினி பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தர்சன் எழும்பி, எப்போது இறங்கினார், யார் பார்த்தது என்று ஆளாளுக்குக் கேட்டார். காவலாளி வயர்லெஸ்ஸில் கத்தினார். எங்கோ சைரன் ஊதியது. பிறகு மரங்களில் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் கரகரத்தன. முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில் கவுன்டர் பெண்ணின் குரல் வந்தது.

"மாத்தளையிலிருந்து வந்த திரு. ஸக்கரியா அவர்களே! திரு. ஸக்கரியா அவர்களே! நீங்கள் எங்கே இருந்தாலும் அங்கேயே இருங்கள். பயப்பட வேண்டாம். நாங்கள் வந்து உங்களைக் கூட்டிச் செல்வோம்."

நஸ்மியா இரண்டு கைகளாலும் முன்னாலிருந்த சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் பெயரை அவள் கடைசியாக ஸ்பீக்கரில் கேட்டது பள்ளிவாசலில், மோதினார் குரலில். அது முடிந்து போனவரின் பெயர். இது உயிரோடு இருக்கிறவரின் பெயர். காடு முழுக்க அவரைக் கூப்பிட்டது. அவர் எங்கோ ஒரு மரத்தடியில் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கிறார், இதோ வந்து கூட்டிப் போகப் போகிறார்கள். சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஸ்பீக்கர் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. என்றாலும் கேட்டாள்.

கண்ணைத் திறந்தபோது விஜேந்திரன் வண்டியிலிருந்து இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தடியை உருவிக்கொண்டிருந்தான். பின்கேட்டின் சின்னக் கதவைத் திறக்கச் சொல்லிக் காவலாளியோடு மல்லுக்கு நின்றான். அவர் பைத்தியமா உனக்கு என்றார், வேறு வண்டி வரட்டும் என்றார்.

"வண்டி வர்றதுக்குள்ள என்னா நடக்குமோ. என் வண்டில வந்த மனுசன், நான்தான் எண்ணாம விட்டேன்" என்றான். பிறகு நஸ்மியாவிடம் வந்து, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டான். "அம்மா, பயப்படாதீங்க. ஸக்கரியா நானா எந்த எடத்துல எறங்குனாருன்னு மட்டும் சொல்லுங்க. கொளத்துக்கிட்டயா, பாறைக்கிட்டயா? நான் போய்க் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்."

பாறைக்குக் கீழே படுத்திருந்த சிங்கங்கள் சைரன் சத்தத்தில் எழும்பியிருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. யாரோ பெற்ற பிள்ளை, செத்துப்போன ஒருவரைத் தேடி அதற்குள் நடக்கப் பார்க்கிறது.

"போகாதீங்க தம்பி" என்றாள் நஸ்மியா. "அவர் உள்ள இல்ல."

"அப்ப எங்க?"

"மையவாடியில." இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் சொன்னாள். "அவர் மௌத்தாகிட்டார். நாலு மாசமாகுது. இண்டைக்கு நான் தனியாத்தான் வந்தேன். ரெண்டு பேருன்டு வாயில வந்துட்டு, மாத்திச் சொல்ல ஏலாமப் போச்சு. என்ன மன்னிச்சுக்கோங்க."

தர்சன் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார், துஷாந்தினி அவர் தோளில் கையை வைத்தாள். விஜேந்திரன் தடியைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பின் படியில் பொத்தென்று உட்கார்ந்தான். திட்டுவான் என்று நஸ்மியா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தாலும் தகும். அவன் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தான். காவலாளிக்குச் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னான். அந்தக் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

விஜேந்திரன் வயர்லெஸ்ஸை வாங்கினான். அதே நேரம் ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது. "மாத்தளையிலிருந்து வந்த திரு. ஸக்கரியா அவர்களே!"

அவன் பொத்தானில் விரலை வைத்தபடி நஸ்மியாவைப் பார்த்தான். "நிப்பாட்டச் சொல்லட்டுமாம்மா?"

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "இது முடியட்டும்."

அவன் பொறுத்தான். வண்டியிலிருந்த எல்லாரும் பொறுத்தார்கள், சின்னப் பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. எங்கே இருந்தாலும் அங்கேயே இருங்கள், பயப்பட வேண்டாம் என்று அந்தப் பெண் கடைசி வரைக்கும் சொல்லி முடித்தாள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள் நஸ்மியா.

அவன் சொன்னான். சைரன் நின்றது. ஸ்பீக்கர் அதற்குப் பிறகு கரகரக்கவில்லை. காவலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டு துண்டையும் பேனையையும் எடுத்தார். சட்டம் சட்டம்தான், எண்ணிச் சொன்னால்தான் கேட்டு திறக்கும். எத்தனை பேர் என்று விஜேந்திரனைப் பார்த்துக் கேட்டார். அவன் பதில் சொல்வதற்குள் நஸ்மியா பக்கத்துச் சீட்டிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆறு பேர்" என்றாள். "ஆறு பேர்தான்."

கேட்டு திறந்தது.