இந்த வருஷம் யாரும் வர வேண்டாம்

...அரை மணி நேரம் என்றால் எவ்வளவு நேரம், வெந்நீர் வாளியில் கால் விட்டு உட்கார்ந்து நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதற்குள் மூன்று தடவை எழுந்திருக்கப் பார்த்துவிட்டாள், அடுப்பில் ஒன்றுமில்லை, வாஷிங் மெஷினில் ஒன்றுமில்லை, கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போய்விட்டார், எழுந்து போய் என்னதான் செய்வது? டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், "லீவுல பாதி வேலைய விட்டுடுங்க, தினமும் அரை மணி நேரமாவது உங்களுக்குன்னு உக்காருங்க, உங்க பிரஷரப் பாத்தா எனக்குத் தலை சுத்துது." சரி, உட்கார்ந்தாயிற்று. பாதி என்ன, முழு வேலையையும் விட்டாயிற்று. பன்னிரண்டு வருஷமாக வருடக் கடைசி விடுமுறை என்றால் இந்த வீட்டில் நாலு நாளைக்குப் பதினோரு பேர், மாடி வீட்டில் இரவல் வாங்கிய மெத்தைகள், குளியலறை வாசலில் வரிசை, இவளுக்கு மட்டும் உட்கார நேரமிருக்காது, கடைசி நாள் எல்லோரையும் வழியனுப்பிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுவாள்... அழுது முகம் கழுவினால் சரியாகிவிடும், போன வருஷம் மட்டும் சரியாகவில்லை.

யாரும் வர வேண்டாம் என்று சொல்ல ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள். பெரிய நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், கொழுந்தன் குத்திக்காட்டுவான் என்று ஆளுக்கொரு பதில் தயாராக வைத்திருந்தாள், ஒன்றும் தேவைப்படவில்லை. "ஐயோ, அதுக்கென்ன, நீ முதல்ல உடம்பப் பாரு" என்றாள் நாத்தனார், சொன்ன வேகம்தான்... அந்த வேகம் இவளுக்குத் தெரியும். பல் ஆஸ்பத்திரியில் முன்பதிவு மேசையில் ஒன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவளுக்குத் தெரியாதா? டாக்டர் இன்றைக்கு வரவில்லை, உங்கள் பல்லை அடுத்த வாரம் பிடுங்கலாம் என்று போன் செய்தால், "அப்படியா" என்று வருத்தமாகத்தான் ஆரம்பிப்பார்கள், அடியில் ஒரு குஷி துள்ளும், தப்பித்தோமடா என்கிற குஷி. நாத்தனாருக்கு அதே குரல். கொழுந்தனுக்கும் அதே குரல். அப்படியானால் நான் யார், பல் பிடுங்குகிறவளா? நேற்று கொழுந்தன் மனைவி உடைத்தே சொல்லிவிட்டாள், பாவம், சூதுவாது தெரியாதவள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, புள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம், வீட்லயே கெடக்கப்போறோம்னு. நீங்க ஆசை ஆசையா கூப்பிடறீங்க, வரலேன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான் இத்தனை வருஷமும் வந்தோம்." ஆசை ஆசையாக! அவர்கள் வருகிறார்களே என்று இவள் கூப்பிட்டாள், இவள் கூப்பிடுகிறாளே என்று அவர்கள் வந்தார்கள்... சிரிக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் அம்மா... வேண்டாம், அங்கே போகாதே. அம்மா தனியாக இருக்கிறாள், நாலு நாளாவது நாலு பேர் மத்தியில் இருக்கட்டும் என்றுதானே இந்தக் கூட்டத்தையே இவள் ஆரம்பித்தாள்? போன வருஷம் அம்மாவே போன் செய்தாள், "முட்டி ரொம்ப வலிக்குதும்மா, இந்தத் தடவ நான் வரலியே, என் கட்டில்லயே படுத்துக்கறேன்." இவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாத்திரம் தேய்த்தபடியே, "அதெல்லாம் சொல்லாதம்மா, கார் அனுப்பறேன், உனக்காகத்தானே எல்லாமே" என்று வைத்துவிட்டாள். அம்மா வந்தாள். கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் சோபா ஓரத்தில் நாலு நாளும் உட்கார்ந்திருந்தாள், யாராவது பேசினால் சிரித்தாள், இவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "ஏதாவது செய்யட்டுமா?" என்று எழுந்திருக்கப் பார்த்தாள், "நீ சும்மா உக்காரும்மா, எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு" என்று இவள் எரிந்து விழுந்தாள். ஊருக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் அம்மா கண்ணை மூடிவிட்டாள். அந்த நாலு நாளில் அம்மா பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தேனா? எந்த இடத்தில், எப்போது? ஒன்றும் தேறவில்லை.

அன்றைக்குப் போனில் அம்மாவின் குரல் எப்படி இருந்தது? முன்பின் பார்க்காதவர்கள் குரலையெல்லாம் எடைபோடத் தெரிந்தவளுக்கு அது மட்டும் நினைவில் இல்லை, எவ்வளவு யோசித்தாலும் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம்தான் கேட்கிறது. நிஜமாகவே வர வேண்டாம் என்றிருந்தாளா, இல்லை, மகள் இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று சொன்னாளா... இனி யாரைக் கேட்பது? சரிம்மா, நீ வர வேண்டாம், நானே வந்து உன் கட்டிலில் உன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படியும் ஒரு பதில் உண்டு என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.