முத்துலிங்கம் வீட்டுச் சிவப்பு

அட்டன் பஜாரில் ஒருவன் சொன்ன சொல்லில் நின்றுவிட்டால், "முத்துலிங்கம் வீட்டுச் சிவப்பு மாதிரி நிக்கிறான்டா" என்பார்கள். முத்துலிங்கம் காலமாகிப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. அவர் சிவப்புப் பெயிண்ட் அடித்த கோயில் கதவு மட்டும் எந்த மழைக்கும் மங்காமல் நின்றது. பொகவந்தலாவையிலிருந்தும் டிக்கோயாவிலிருந்தும் லாரிக்காரர்கள் பெயிண்ட் அடிக்க வண்டியை ஓட்டி வந்து, அவர் மகன் நல்லமுத்துவின் கடைவாசலில் விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பிப் போவார்கள். அப்படியொரு நம்பிக்கை.

அந்த நல்லமுத்து, அறுபத்து மூன்றாம் ஆண்டு சித்திரைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஓர் ஆகாய விமானத்தின் முன்னால் தூரிகையோடு நின்றார்.

விமானம் என்றால் ஆள் ஏறுவது அல்ல. சிறகு முனையிலிருந்து முனைக்கு ஆறடி. ஊசிமலைத் தோட்டத்து வில்மட் துரை மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து, தக்கை போன்ற மரக்குச்சிகளால் எலும்பு கட்டி, அதன்மேல் பட்டுத்துணி போர்த்தி, தாமே செய்தது. வயிற்றுக்குள் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி. துரை தரையில் நின்று கையிலிருக்கும் பெட்டியின் பொத்தானை அழுத்தினால், மேலே அது சொன்னபடி திரும்புமாம். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலில் ஐந்து துரைமார் ஐந்து விமானங்களை விடப்போகிறார்கள்.

விமானத்தைக் கொண்டுவந்த டிரைவர் சின்னராசாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"கிளப்புல ஒரு தொரை என்னா சொன்னாரு தெரியுமாண்ணே? 'இத கொழும்புக்கு அனுப்பு, லாரிக்கு அடிக்கிறவன்கிட்டயா குடுப்ப?'ன்னாரு. அதுக்கு நம்ம தொரை, 'நல்லமுத்து கை போதும்'னு சொல்லிட்டாரு. இப்ப பந்தயம் அதுமேலயும் நடக்குது."

"என் கையில என்ன பந்தயம்? குதிரையா நான்?" என்றார் நல்லமுத்து. ஆனால் அந்தச் சொல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.

துரை கொடுத்திருந்த பூச்சுக்கு டோப் என்று பெயர். மூக்கைத் துளைக்கும் வாசம். எண்ணெய்ப் பெயிண்டைப் போலச் சோம்பிக் கிடக்காது. தூரிகை நகர்ந்த சுவட்டிலேயே காயத் தொடங்கும். துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: மூன்று பூச்சுதான். நான்காவது ஏறினால் பாரம். பாரம் ஏறினால் பறக்காது.

ஏழு பூச்சுப் போட்டுத் தேய்த்துப் பழகிய கைக்கு மூன்று என்பது அரைச்சாப்பாடு. ஆனாலும் முதல் பூச்சு இழுத்ததும் நல்லமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. நிறம் பட்டுக்குள் இறங்கி, துணி இன்னும் இறுகியது. விரலால் சிறகைச் சுண்டினார். 'டங்' என்றது. நெருப்பில் காய்ச்சி எடுத்த தப்புமேளம் கூட இவ்வளவு நன்றாகப் பேசாது.

"ஏய் ஜெயலெட்சுமி! இங்க வந்து இத கேளு!"

மனைவி ஈரக்கையோடு வந்தாள். அவரே வேலை நடுவில் கூப்பிடுகிறார் என்றால் உலகம் தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். சுண்டிக் காட்டினார். அவளும் ஒருதரம் சுண்டிவிட்டுச் சிரித்தாள்.

நண்பகல் வெயிலில் இரண்டு பூச்சு முடிந்தது. மாலை மங்கும் நேரத்தில் மூன்றாவது. தூரிகையில் மிஞ்சியதை ஒரு பட்டுத் துண்டில் துடைத்தார். "நிறம் நல்லாருக்கே" என்று ஜெயலெட்சுமி அந்த ஈரத்துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு அவர் தகப்பன் காலத்து வழக்கத்தைச் செய்தார். கடையின் முன்பக்கம் கம்பிக் கதவை மட்டும் பூட்டி, ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்தார். காற்றுப் பட்டால்தான் பெயிண்ட் நன்றாகக் காயும். ஈர நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது, விடிந்த பிறகுதான் பார்க்க வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். முத்துலிங்கம் ஒருநாளும் மீறியதில்லை. மகனும் மீறவில்லை.

விடிந்தது. நல்லமுத்து குளித்து, திருநீறு பூசி, கம்பிக் கதவைத் திறந்தார்.

விமானம் வெளுத்திருந்தது.

சிறகெங்கும், முதுகெங்கும், சாம்பல் பூத்த தணல் போல ஒரு வெள்ளை. துடைத்தார், போகவில்லை. நகத்தால் கீறினார், போகவில்லை. வெள்ளை மேலே படிந்தது அல்ல. நிறத்துக்குள்ளேயே இருந்தது. நாலாவது பூச்சுப் போட்டு மூடவும் வழியில்லை. நாளை பிற்பகல் நுவரெலியாவில் ஊரே கூடும். வெளுத்த விமானத்தைத் தூக்கிக்கொண்டு துரை நிற்பார். முத்துலிங்கம் பெயர் அன்றோடு சரி.

வாசலில் ஹார்ன் சத்தம். சின்னராசா.

"அண்ணே, தொரை பாத்துட்டு வரச் சொன்னாரு!"

நல்லமுத்து வாசலை அடைத்து நின்றார். "இன்னும் காயல. போயிட்டு வா."

"சும்மா ஒரு எட்டு."

"போன்னு சொல்றேன்ல!"

சின்னராசா எட்டிப் பார்த்துவிட்டான். அவர் கக்கத்துக்குக் கீழே தலையை நீட்டிப் பார்த்தவன் வாயைப் பிளந்தான். "என்னாண்ணே இது? சுண்ணாம்பா அடிச்சிருக்கீங்க?"

அவனை அறைந்திருப்பார். அதற்குள் ஜெயலெட்சுமி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். கையில் நேற்றைய பட்டுத் துண்டு.

"என்னங்க, இத பாருங்க. அடுப்புச் சுவத்து ஆணியில மாட்டி வச்சேன்."

செம்பருத்தி போல எரிந்தது துண்டு. அதே டப்பா, அதே தூரிகை, அதே வேளை. நல்லமுத்து அதை விமானத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பனிமூட்டம் பசுவைப் போல ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"பனியா?" என்றார். "ராத்திரி பூரா நானே ஜன்னலத் திறந்து வச்சு வரவேத்திருக்கேன்!"

தின்னரைப் பஞ்சில் நனைத்து, வால் அடியில் காலணா அளவுக்கு ஒற்றினார். சிவப்பு எழுந்தது. எண்ணிப் பத்துக்குள் மறுபடி வெள்ளை படர்ந்தது.

"நிறம் சாகல," என்றார் நல்லமுத்து. குரல் உயர்ந்துவிட்டது. "உள்ளுக்குள்ள உசுரோட இருக்கு. காஞ்ச காத்து வேணும். ஈரமே இல்லாத சூட்டுக் காத்து. நெருப்புகிட்ட கொண்டுபோக முடியாது, இந்தச் சாமான் பத்திக்கும். அட்டன்ல எங்கடா இருக்கு அப்படி ஒரு எடம்?"

சின்னராசா தலையைச் சொறிந்தான். "கொழுந்து வாட்டுற மாடில இருக்குமேண்ணே."

இருக்கத்தான் செய்தது. தேயிலை ஃபெக்டரியில் கீழே டிரையர் ஓடும்போது, பெரிய காற்றாடிகள் அந்தச் சூட்டை மாடிக்கு இழுத்துக் கொழுந்தின் மேல் விடும். மாரியம்மன் திருவிழாவுக்காக ஊசிமலையில் வெள்ளியும் சனியும் கொழுந்து எடுப்பில்லை. மாடி காலி. ஞாயிறு காலை, ஈரம் ஏறிய தூளுக்குச் சூடு காட்ட டிரையர் ஓடும்.

ஒரு மணி நேரத்தில் நல்லமுத்து ஃபெக்டரியைப் பொறுப்பாக நடத்தும் டீமேக்கர் பொன்னையாவின் முன்னால் நின்றார். பொன்னையா மெலிந்த மனிதர். தேயிலைக்குக் கெடுதல் என்று வெற்றிலைகூடப் போடமாட்டார். நல்லமுத்துவின் சட்டையை முகர்ந்ததுமே இரண்டடி பின்வாங்கினார்.

"என்னா வாசம் இது! இதயா என் மாடிக்குக் கொண்டுவரப் போறீங்க? தேயிலை பச்சப்புள்ள மாதிரிங்க. பக்கத்துல என்னா இருக்கோ அத இழுத்துக்கும். திங்கக்கிழமைக் கொழுந்துல இந்த நாத்தம் ஏறிச்சுன்னா, கொழும்புல ருசி பாக்குறவன் துப்பிட்டு என் பேரத்தான் கேப்பான்."

"உங்க பேரு மாதிரிதான் ஐயா எங்க பேரும்."

அந்தச் சொல்லுக்குப் பொன்னையா பின்வாங்கிய இரண்டடியை முன்னால் வைத்தார். மாடியை அண்ணாந்து பார்த்தார். "கடைசிக் கோடியில, காத்து வெளிய போற ஜன்னல் பக்கம் ஒரு தட்டு எடம் தரலாம். அந்தப் பக்கம் கொழுந்து பரப்புற சாக்கெல்லாம் சுருட்டி எறக்கிடணும். வேலை முடிஞ்சதும் பலகையக் கழுவிடணும்."

"நானே கழுவுறேன்."

"இன்னும் ஒன்னு. தொரைகிட்ட நீங்களே போயி நடந்தத சொல்லணும். ஒளிச்சு வச்சு என் மாடியில ஒரு வேலையும் நடக்காது."

நல்லமுத்துவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. வேலை பழுதென்று எந்த ஆளிடமும் அவர் சொன்னதில்லை. அவர் தகப்பனும் சொன்னதில்லை. சொல்லும்படி வந்ததும் இல்லை. ஆனால் பழுதை மறைத்துக் கொடுப்பது அதைவிடக் கேவலம். பங்களாவுக்கு ஏறும் படிகளை அவர் ஒரே மூச்சில் ஏறினார்.

துரை வெளியே வந்தார்.

"தொரை, நிறம் வெளுத்துப் போச்சு. பனி. ஜன்னலத் திறந்து வச்சது நான். பிழை என்னோடது. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள சிவப்பாக்கிக் குடுக்கிறேன். மாடி வேணும்."

துரை வாயிலிருந்த பைப்பை எடுத்தார். "வெள்ளை போகுமா, நல்லமுத்து?"

"போகும்."

"போகாட்டி?"

"எங்கப்பா பேரு எழுதின போர்டக் கழட்டிடுவேன்."

துரை பைப்பை ஆட்டி மறுத்தார். "போர்ட் வேணாம். பிளேன் வேணும். நாளைக்கு நானும் வாறது."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாடியில் காற்றாடி சுழலத் தொடங்கியது. கோடிப் பலகை மேல் விமானம். நல்லமுத்து சட்டையைக் கழற்றிவிட்டார். துரை ஒரு பக்கம், பொன்னையா மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு மறுபக்கம். சின்னராசாவைப் பீடியோடு படிப்பக்கமே விடவில்லை. கன்னத்தில் பட்ட காற்று சுடுமணல் போல உலர்ந்திருந்தது.

நல்லமுத்து அவசரப்படவில்லை. பலகையைத் தொட்டார், துணியைத் தொட்டார். இரண்டும் நன்றாகச் சூடேறும்வரை நின்றார். பிறகு அகலத் தூரிகையைத் தின்னரில் தோய்த்து, உதறி, வலது சிறகின் முனையிலிருந்து ஒரே இழுப்பு.

வெள்ளை கரைந்தது. அடியிலிருந்து சிவப்பு எழுந்தது.

நல்லமுத்து சொல்லி வைத்தபடி பொன்னையாவின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. "எட்டு... ஒம்பது... பத்து..."

சிவப்பு நின்றது.

"பதினஞ்சு! நிக்குது! நிக்குதுங்க!" பொன்னையா மூக்குத் துண்டை அவிழ்த்து வீசினார். துரை பலகையைக் கையால் ஓங்கித் தட்டினார். நல்லமுத்துவுக்கு இரண்டும் கேட்கவில்லை. அடுத்த இழுப்பு, அதற்கடுத்தது, ஒன்றோடொன்று விளிம்பு மோதாமல். போன இடத்துக்குத் தூரிகை திரும்பவே கூடாது, திரும்பினால் நிறம் கிளம்பிவிடும். வயல் மடை திறந்தாற்போலச் சிவப்பு சிறகு நெடுக ஓடியது. முதுகு, வால், மூக்கு. பத்தரைக்குக் கடைசி இழுப்பு. பதினொன்றுக்கு வேன் கிளம்பியது. அதற்குள் அவர் பலகையைச் சோடா போட்டு இரண்டு தடவை கழுவியிருந்தார்.

பந்தயத் திடலில் கூட்டம் கம்பி வேலியை நெருக்கியது. தொப்பிக்காரர்களும் பட்டுப்புடவைகளும் கடலைக்காரர்களுமாய் ஒரே இரைச்சல். ஜெயலெட்சுமி சிவப்பைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றாள். தானே அடித்தது போல ஒரு மிடுக்கு.

நாலு விமானங்கள் ஏறி இறங்கின. ஐந்தாவது வில்மட் துரையுடையது. எஞ்சின் குளவி போல அலறியது. சின்னராசா இறக்கையைப் பிடித்து ஓடிக் கையை விட்டான். அது புல்லை உரசி, ஒரு குலுங்கு குலுங்கி, ஏறியது. வேலியில் இருந்தவர்கள் கத்தினார்கள். நல்லமுத்து கத்தவில்லை. கைகளைப் பின்னால் கட்டி நிமிர்ந்து நின்றார்.

இரண்டாம் சுற்றில் பீதுருமலைப் பக்கத்திலிருந்து மேகம் சரிந்தது. ஒரு நொடியில் வானம் கழுவிய பலகை போல வெளுத்தது. எஞ்சின் சத்தம் எங்கோ கேட்டது, விமானம் இல்லை.

துரை பெட்டியைப் பிடித்தபடி திகைத்தார். "எங்கே? யாராவது பாக்கிறது? எங்கே?" கண்ணுக்குத் தெரியாததை எந்தப் பக்கம் திருப்புவது? ஏரிப் பக்கம் போனால் தண்ணீரில், மரப் பக்கம் போனால் துண்டு துண்டாய்.

நல்லமுத்து கண்ணைச் சுருக்கினார். வெள்ளைக்குள் எங்கே சிவப்பு ஒளிந்திருக்கும் என்று இரண்டு நாளாகத் தேடிப் பழகிய கண். ஒரு பொட்டு, குங்குமத் துகள் அளவுக்கு, மூட்டத்தின் விளிம்பில் அசைந்தது.

"இருக்கு!" வேலியைத் தாண்டிக் குதித்தார். வேட்டி கம்பியில் கிழிந்தது. "தொரை! ஏரிப் பக்கம்! மரத்துக்கு மேல! திருப்புங்க, எடது கைப்பக்கம் திருப்புங்க!"

துரை பொத்தானை அழுத்தினார்.

"இன்னும்! இன்னும்! ஆங், வருது! நேரா வருது, விடுங்க!"

மேகத்தைக் கிழித்துக்கொண்டு சிவப்பு வெளியே வந்தது. திடல் முழுக்க ஒரே கூச்சல். அது தாழ்ந்து, புல்லில் தத்தி, நல்லமுத்துவின் காலுக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றது.

கொழும்புக்கு அனுப்பச் சொன்ன துரைதான் முதலில் ஓடிவந்தார். "நாங்க யாருமே பாக்கல. நீ எப்படிப் பாத்தது?"

"எங்க வீட்டு நிறமுங்க," என்றார் நல்லமுத்து. "எனக்குத் தெரியாதா?"

அதற்குள் பெருந்துளிகள் விழத் தொடங்கின. நல்லமுத்து தம் கோட்டைக் கழற்றிச் சிறகின் மேல் போர்த்தினார். ஒரு முனையை வில்மட் துரை பிடிக்க, மறுமுனையைத் தாம் தூக்கிக்கொண்டு, மழைக்கு முந்தி வேனைப் பிடிக்க, கிழிந்த வேட்டி பறக்கத் திடலின் குறுக்கே ஓடினார்.

பின்னால் ஜெயலெட்சுமி வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே சின்னராசாவிடம் சொன்னாள்: "முப்பது வருசமாச்சு தம்பி இவருக்கு வாக்கப்பட்டு. இந்த மனுசன் ஓடி இன்னைக்குத்தான் பாக்குறேன்!"