பெயர் போடாத மாமன் சீர்

அல்லிநகரத்தில் மாரீஸ்வரியின் ஸ்டிக்கர் கடைக்குள் தவசி நுழைந்தபோது, அவருடைய அக்கா மகளின் பெயர்தான் அவரை முதலில் வரவேற்றது. கம்ப்யூட்டர் திரையில், கல்யாணத் தண்ணீர் பாட்டிலுக்குச் சுற்றுகிற லேபிளில், பூவும் கொடியுமாக 'சிம்ரன் – சூரியபிரகாஷ்' என்று இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். தேனியில் ஸ்டிக்கர் கடைக்கா பஞ்சம்? ஆனால் திராட்சைப் பழம் வெட்டுகிற நேரத்தில் தோட்டத்தைப் போட்டுவிட்டு ஓடைப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த மனிதர். உட்கார்ந்துவிட்டார்.

"இது குச்சனூர்க்காரக குடுத்த ஆர்டரா?"

"ஆமாண்ணே. உமாதேவியக்கா வந்து குடுத்துட்டுப் போனாக. ஒங்களுக்குத் தெரிஞ்சவுகளா?"

"தெரியும்," என்றார் தவசி. கூடப் பிறந்தவளைத் தெரிந்தவள் என்று சொல்லும்படி ஆகிவிட்டது அவர் பிழைப்பு.

நடந்தது இதுதான். சிம்ரன் என்று பெயர் வைத்ததே தவசிதான். ஜோசியர் எழுதிக் கொடுத்த பெயர்களை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, மாமன் நான் வைப்பதுதான் பெயர் என்று ஒற்றைக்காலில் நின்று வைத்தார். அந்தப் பிள்ளையைத் தன் மகன் இனியனுக்குக் கட்டி வைக்கவேண்டும் என்பது அவருடைய மனக்கோட்டை. முறை இருக்கும்போது வாய்விட்டுக் கேட்கவும் வேண்டுமா என்று சும்மா இருந்துவிட்டார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் இனியனோ, "அவளப் போயி எனக்கா? சின்னதுல இருந்து சண்டை போட்டு வளந்தவப்பா," என்று சிரித்தான். சிம்ரனும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள். கட்டிக்கொள்ளவேண்டிய இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டார்கள். தவசி மட்டும் ஒத்துப்போகவில்லை. சூரியபிரகாஷைப் பேசி முடித்த சேதி வந்ததும் நேரே குச்சனூருக்குப் போய், அக்கா வீட்டு வாசலில் நின்று, "இன்னியோட எனக்கு அக்கா செத்துட்டா," என்று சொல்லிவிட்டு வந்தார். சனீஸ்வரன் குச்சனூர்க் கோயிலில் இருப்பதாகத்தான் ஊர் சொல்கிறது. அன்றைக்கு அவர் தவசியின் நாக்கில் இருந்தார்.

கல்யாணப் பத்திரிகை ஆள் மூலமாக வந்தது. தாம்பூலத் தட்டில்லை, வெற்றிலை பாக்கு இல்லை. யாரோ பைக்கில் வந்து அவர் மனைவி அக்கம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனான். தவசி குதித்தார். "செத்தவுக எப்படி நேர்ல வருவாக?" என்று கேட்டாள் அக்கம்மாள்.

நேரில் வந்து அழைக்காத கல்யாணத்துக்கு எந்தத் தாய்மாமன் போவான்? அவர் போவதாக இல்லை. ஆனால் மாமன் சீர் வராமல் அந்தப் பிள்ளை மணையில் உட்கார்ந்தால், நாளைக்குப் போகிற வீட்டில் ஒரு சொல் வராதா? தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். பட்டுச்சேலை, வளையல், பழவகை எல்லாம் வாங்கிவிட்டார். மாலைக்கும் சொல்லியாயிற்று. முகூர்த்தத்தன்று சீரை லோடு ஆட்டோவில் ஏற்றி மண்டபத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் தோட்டத்திலேயே இருந்துகொள்வதாக ஏற்பாடு. இப்போதெல்லாம் சீர்த்தட்டு ஒவ்வொன்றிலும் அச்சடித்த லேபிள் ஒட்டுகிறார்கள். அதிலும் ஒரு குறை இருக்கக்கூடாது என்றுதான் இந்தக் கடைக்கு வந்தார்.

"'தாய்மாமன் சீர்'னு பெருசாப் போடு ஆத்தா. கீழ சிம்ரன்னு பாப்பா பேரு. அது போதும்."

"ஒங்க பேரு?"

"வேணாம்."

மாரீஸ்வரி நாற்காலியோடு திரும்பினாள். "ஊறுகாய் பாட்டில்லகூட யாரு போட்டதுன்னு பேரு இருக்கும்ணே."

"எம்பேரு அந்தச் சபைக்கு வேணாம். நீ திராட்சைக் கொலை ஒண்ணு போடு."

அவள் இன்டர்நெட்டில் தேடி ஒரு படத்தைக் கொண்டுவந்து வைத்தாள். தவசி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது ஏதோ சீமைப் பழம். நம்ம பன்னீர் திராட்சை இப்படியா இருக்கும்?" என்று தன் போனை எடுத்து, சொந்தப் பந்தலில் தொங்கிய குலை ஒன்றைக் காட்டினார். அவள் அதை வாங்கி, குலையைச் சுற்றியிருந்த இலை, கம்பி எல்லாவற்றையும் அழித்து, குலையை மட்டும் லேபிளின் மூலையில் வைத்தாள்.

"பாப்பா பேர இன்னும் கொஞ்சம் பெருசாக்கு."

ஆக்கினாள்.

"இன்னும் கொஞ்சம்."

"தாய்மாமன் சின்னதாப் போறாரேண்ணே."

"போகட்டும்," என்றார் தவசி. அந்தப் பெயர் திரையில் பெரிதாகப் பெரிதாக அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரிண்ட் போட்டுவிட்டுக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வேகமாக எழுந்துவிட்டார்.

மறுநாள் மாரீஸ்வரியின் போன் வந்தது. "கோவிச்சுக்கிறாதீகண்ணே. டிசைன் முடிச்சா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுறது என் பழக்கம். அதப் பாத்து நாலு ஆர்டர் வரும். ஒங்களுதையும் போட்டேன். உமாதேவியக்கா பாத்துட்டாக. ஒடனே போன் பண்ணி, அந்த லேபிள அடிக்காத, நிப்பாட்டுன்னு சொல்லிட்டாக. நீங்க அவுக தம்பின்னு அவுக சொல்லித்தாண்ணே எனக்குத் தெரியும்."

"வேற என்ன சொன்னாக?"

"வேற ஒண்ணும் சொல்லல."

தவசி பந்தலுக்கு அடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு வராதே என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சீரே வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். அவர் வாயால் சொன்னதை அக்கா காரியத்தில் காட்டிவிட்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. தன் பெயரை ஏன் போட வேண்டாம் என்றோம் என்று முதல்முறையாக யோசித்தார். அத்தனை தட்டிலும் தம்பி பெயரைத் தேடிப் பார்த்து அக்கா சபை நடுவில் கலங்கவேண்டும், அதற்குத்தான். பட்டுச்சேலைக்குள் முள்ளை வைத்து அனுப்பப் பார்த்திருக்கிறோம் என்று தெரிந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்.

வெயில் தாழ்கிற நேரத்தில் தோட்டத்து முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது உமாதேவி. கையில் தாம்பூலத் தட்டு இருந்தது. வரப்பில் பார்த்துப் பார்த்து நடந்து வந்து பந்தலுக்கு வெளியே நின்றாள்.

"செத்தவ வந்திருக்கேன். பயந்துறாதலே."

தவசி எழுந்து நின்றார்.

"லேபிள நிப்பாட்டச் சொன்னது நாந்தான்," என்றாள் உமாதேவி. "நீ ஆட்டோல ஏத்தி அனுப்பப் போறேன்னு அக்கம்மா சொன்னா. லோடு ஆட்டோல வந்து எறங்குனா அது சீரு இல்ல, சாமானு. தட்டுக்கு முன்னால மாமன் நடந்து வந்தாத்தான் அது சீரு. நீ வந்து நிக்கிற எடத்துல எழுதி வேற ஒட்டணுமா? யாருக்குத் தெரியாது, நீ அவளுக்கு மாமன்னு?"

"அக்கா, அன்னைக்கி நாஞ் சொன்னது..." என்று தொடங்கினார் தவசி. "தப்புக்கா. எம்மேலதான் தப்பு."

அதெல்லாம் போகட்டும் விடு என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"தப்புத்தான்," என்றாள். "நான் இன்னும் மறக்கல. மறந்துட்டேன்னு பொய் சொல்ல நான் இங்கன வரல. அந்த லேபிள்ல எம் மக பேர அம்புட்டுப் பெருசாப் போட்டிருந்தியே, அதப் பாத்துட்டு அவ சோறு திங்கல. அவளுக்கு வேற மாமன் கிடையாது. எனக்கும் வேற தம்பி கிடையாது. இருக்கிற ஒருத்தன வச்சுத்தான் நாங்க கல்யாணம் முடிக்கணும்."

தவசி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அழைப்பைத் தம்பதியாக நின்று வாங்குவதுதான் முறை. தோட்டத்து வீட்டுப் பக்கம் திரும்பி அக்கம்மாளைக் கூப்பிட்டார். குரல் உடைந்து வந்தது. அழுவதை மறைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அக்கம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பக்கத்தில் நின்றாள்.

இருவரும் கை நீட்டித் தட்டைப் பிடித்தார்கள். வாங்கிக்கொண்ட பிறகும் உமாதேவி தட்டை விடவில்லை.