குரூப்பில் போட்ட கேள்வி

அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "ஆபரேஷன் முடிந்ததும் பகலில் அம்மாவோடு இருக்க ஒரு பெண் வேண்டும். எனக்கு லீவு கிடைக்காது. யாராவது வர முடியுமா?"

வந்தது என்ன? கும்பிடும் கைகள். ரோஜாப்பூ. சித்தப்பா மட்டும் பொறுப்பாக ஒரு வீடியோ அனுப்பினார். ஏதோ சாறு குடித்தால் கத்தியே வேண்டாமாம். நாலு வீடு தள்ளி இருக்கும் அத்தை ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டுக் கடமையை முடித்துக்கொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் டிகிரி முடித்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் நான். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இப்போது லீவு கேட்டால், அப்படியே வீட்டிலேயே இரு என்பார்கள்.

"பட்டனை வரச் சொல்லியிருக்கேன்," என்றாள் அம்மா.

அம்மா ஒரு ஹோட்டல் லாண்டரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். பல ஊர்களில் அதே வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு குரூப் இருந்தது. சூடு பட்ட கைக்கு என்ன தடவலாம், எந்த சூப்பர்வைசர் நாசமாகப் போகலாம் என்று எல்லாம் அதில் பேசுவார்கள். எழுத்துக் கூட்டவே திணறுகிறவர்கள் என்பதால் எல்லாமே வாய்ஸ் மெசேஜ். அதில் ஒருத்தி தன் படத்துக்குப் பதில் சட்டைப் பட்டன் ஒன்றை வைத்திருந்தாள். அவள்தான் பட்டன்.

"மூஞ்சியே காட்டாதவள நம்பி உன்னை விட்டுட்டுப் போகணுமா?"

"உன் அத்தை மூஞ்சியத் தினமும்தான் பாக்குறேன். வந்தாளா?"

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை, துணிப்பையோடு பட்டன் வார்டுக்குள் வந்தாள். நான் எடுத்த எடுப்பிலேயே அடையாள அட்டை கேட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்தாம்மா. போட்டோவுல இன்னும் கேவலமா இருப்பேன், பயந்துடாத," என்று நீட்டினாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. போனில் எருமை, சனியன் என்று கொஞ்சிக்கொள்ளும் இரண்டு பேரும் முதல்முறை நேரில் பார்த்ததும் எதிரெதிரே மிரண்டு போய் இருந்தார்கள்.

"பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதுங்களா?"

"கெடச்சுதுங்க."

இவர்களை நம்பி எப்படிக் கிளம்புவது? பட்டன் சட்டென்று எழுந்து வராந்தாவுக்குப் போனாள். சற்று நேரத்தில் அம்மாவின் போன் சத்தம் போட்டது.

"அடியே எருமை, என்னடி இப்படி வெளிறிக் கெடக்குற? அழுகை வந்துடுச்சு, அதான் வெளிய ஓடி வந்துட்டேன். உன் பொண்ணு என்னடி, போலீஸா?"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனுக்குள் சொன்னாள்: "சிரிக்க வைக்காதடி சனியனே, தையல் பிரிஞ்சுடும். உள்ள வா."

பட்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தலையணையைச் சரிசெய்தபடியே என்னிடம் சொன்னாள்: "நீ கெளம்பு. இன்னைக்கு நான் இருக்கேன். நாளைக்கு எனக்கு ஷிஃப்ட்டு, வேற ஆளைப் பாரு."

யாரைப் பார்ப்பது? பஸ் ஸ்டாப்பில் நின்றபடி குடும்ப குரூப்பில் எழுதினேன்: "அம்மாவைப் பார்த்துக்கொள்ள முன்பின் தெரியாத ஒருத்தி பஸ் ஏறி வந்திருக்கிறாள். உங்கள் ரோஜாப்பூக்களுக்கு நன்றி."

அனுப்பிய சூட்டிலேயே அத்தை கூப்பிட்டாள்.

"எவளோ ஒருத்திய உக்கார வெச்சுட்டுப் போறியாமே. அப்புறம் நான் எதுக்குடி இருக்கேன்?"

"ஹார்ட் போடுறதுக்கு."

அத்தை குரலை உயர்த்தினாள்.

"என்னைக் கேட்டியா நீ? குரூப்புல போட்ட. அதுல உன் பெரியம்மா இருக்கா, சித்தி இருக்கா, ஊரே இருக்கு. யாராச்சும் போவாங்கன்னு நெனச்சேன். நாலு வீடு நடந்து வந்து ஒரு வார்த்தை கேக்க முடியலையா உனக்கு?"

"நீங்க நடந்து வந்து கேட்டீங்களா?"

"கேக்கல," என்றாள். "தப்புதான்."

அத்தை தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. அவளைத் திட்டத் திரட்டி வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன்.

"சரி, இப்ப உங்களைக் கேக்குறேன். நாளைக்குப் பகல்ல வர்றீங்களா?"

"வர்றேன். அந்தப் பொம்பள ஏதாவது சாப்பிட்டாளா?"

"தெரியல அத்தை. நான் கேக்கல."

"நல்லாப் படிச்ச, போ. எந்த வார்டுன்னு சொல்லு. இப்பவே கெளம்புறேன்."